லேப் அசிஸ்டென்ட் வேண்டுமா, ஆசிரியரே பார்த்துக்கொள்ளலாமா? ஒரு செய்முறை வகுப்பின் வேலைக் கணக்கு

கூம்புக்குடுவை எழுதியது:

பள்ளியில் செலவைக் குறைக்கும் பேச்சு எழுந்தால் முதலில் கண்ணில் படுவது ஆய்வக உதவியாளர் இடம்தான். "பிப்பெட் கழுவ ஒரு ஆளா?" என்று கேட்பார்கள். கழுவுவது அந்த வேலையின் கடைசித் துண்டு. மீதியையும் சேர்த்துப் பார்க்க ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம்.

மேல்நிலை வகுப்பு, 40 மாணவர்கள், இருவருக்கு ஒரு செட் என்று 20 செட். பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்): ஒரு கரைசலோடு இன்னொன்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, செலவான அளவிலிருந்து செறிவைக் காண்பது. முதலில் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் திட்டக் கரைசலை (செறிவு தெரிந்த கரைசல்) கொண்டு பெர்மாங்கனேட்டின் செறிவைக் காண வேண்டும். பிறகு அந்த பெர்மாங்கனேட்டால் செறிவு தெரியாத ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலை அளக்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தோராய அளவீடு, மூன்று சரியான அளவீடு. ஆக 8 தடவை, தடவைக்கு 20 மி.லி. வாக்கில் 160 மி.லி. பெர்மாங்கனேட். பியூரெட்டை (அளவு குறித்த, அடியில் திருகுள்ள கண்ணாடிக் குழாய்) அலசவும் சிந்துவதற்கும் 60 மி.லி. சேர்த்தால் செட்டுக்கு 220. இருபது செட்டுக்கு 4.4 லிட்டர், கைவசம் 5 லிட்டர் வேண்டும். 0.02 மோலாருக்கு (மோலார் என்பது செறிவின் அலகு) லிட்டருக்கு 3.16 கிராம் வீதம் 15.8 கிராம்.

ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் 0.1 மோலார், 2.5 லிட்டர்: 98 கிராம். தெரியாத கரைசலும் அதே 2.5 லிட்டர், 0.1 மோலாரை ஒட்டி வைத்தால் ஃபெரஸ் சல்ஃபேட் படிகம் 70 கிராம் போல. ஒவ்வொரு தடவையும் கூம்புக் குடுவையில் சேர்க்க 20 மி.லி. நீர்த்த சல்பூரிக் அமிலம், அது மொத்தம் 3.2 லிட்டர், 4 லிட்டராகத் தயாரிக்கலாம். 1 மோலாருக்கு லிட்டருக்கு 55 மி.லி. அடர் அமிலம் வீதம் 220 மி.லி. 700 மி.லி. நீரைக் குளிர்ந்த தொட்டியில் வைத்து, கலக்கிக்கொண்டே அமிலத்தை மெல்லிய இழையாக விட்டு, ஆறிய பிறகுதான் 1 லிட்டருக்கு நிரப்ப வேண்டும். இதை நான்கு தடவை செய்ய வேண்டும். நீருக்குள் அமிலம் என்ற வரிசையை மாற்றினால் மேல்மட்டத்திலேயே நீர் கொதித்துத் தெறிக்கும்.

எடைபோடுவது, கரைப்பது, ஆறவிடுவது, தானே ஒருமுறை தரம்பார்ப்பது, லேபிள் ஒட்டுவது, இருபது இடத்தில் பரப்புவது எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. முடிந்தபின் கழுவி ஒதுக்க ஒரு மணி நேரம். மாணவர்கள் கரைசலைத் தொடுவது ஒன்றரை மணி நேரம். அடுத்தடுத்துப் பாடவேளை உள்ள ஆசிரியர் இந்த நான்கு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பார்? எடுக்க முடியாதபோது வகுப்பு ரத்தாகாது. "எல்லாரும் சுற்றி நில்லுங்கள், நான் செய்து காட்டுகிறேன்" என்று மாறிவிடும். அட்டவணையில் அதுவும் செய்முறை என்றே பதிவாகும். அதனால்தான் இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஊதாக்கரைசல் எழுதியது:

அந்த 5 லிட்டர் பெர்மாங்கனேட்டில் மட்டும் இரண்டு பொறி இருக்கிறது.

முதலாவது, கரைந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. கரைசல் அவ்வளவு கருமை. அடியில் ஒரு சிட்டிகை படிகம் கிடந்தாலும் மேலிருந்து பார்த்தால் எல்லாம் கரைந்த மாதிரியே இருக்கும். அதை அப்படியே ஊற்றிக் கொடுத்தால் முதலில் வாங்கிய செட்டுக்கு நீர்த்த கரைசல் போகும், கடைசியாக வாங்கிய செட்டுக்கு அடர்ந்தது போகும். முன்வரிசையில் 22 மி.லி., பின்வரிசையில் 19 மி.லி. என்று வரும். பையன்கள் மேல் தவறே இருக்காது.

செய்ய வேண்டியது: பொடித்த படிகத்தைச் சிறு பீக்கரில் 100 மி.லி. வெந்நீரில் கலக்கி, சற்றுத் தெளியவிட்டு, மேலே உள்ளதை மட்டும் பெரிய கலனில் ஊற்ற வேண்டும். அடியில் நிற்பதற்கு மறுபடி வெந்நீர். பீக்கரைச் சாய்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அடிக்கண்ணாடியில் கரும்புள்ளி இல்லாத வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். முதல் நாளே தயாரித்துப் பழுப்புப் பாட்டிலில் வைத்து, மறுநாள் கண்ணாடிப் பஞ்சு வழியே வடித்தால் மாங்கனீஸ் டை ஆக்ஸைடு துகளும் போய்விடும். வடிதாளில் வடிக்கக் கூடாது. பெர்மாங்கனேட் தாளையே ஆக்ஸிஜனேற்றித் தன் செறிவைக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டாவது பொறி: 1 லிட்டர் குடுவையில் ஐந்து தடவை தயாரித்து ஐந்து பாட்டிலில் வைத்தால் ஐந்து வெவ்வேறு செறிவு கிடைக்கும். ஐந்தையும் ஒரே பெரிய கலனில் கொட்டிக் கலக்கிய பிறகுதான் பாட்டில்களில் பிரிக்க வேண்டும். செய்முறைத் தேர்வில் இதைத் தவறவிட்டால் ஆசிரியர் கையில் உள்ள ஒற்றை விடை ஒரு வரிசைக்கு மட்டுமே பொருந்தும்.

ஃபெரஸ் கரைசல்களுக்கும் ஒரு குறிப்பு. வெறும் நீரில் கரைத்தால் கலங்கி மஞ்சள் தட்டும். லிட்டருக்கு 20 மி.லி. வாக்கில் அடர் சல்பூரிக் அமிலத்தை நீரில் சேர்த்து ஆறவிட்டு, அதில் உப்பைக் கரைக்க வேண்டும். அந்த இடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்தால் பெர்மாங்கனேட் குளோரைடையும் தின்னும், அளவு கூடுதலாகக் காட்டும். தரம்பார்க்கும்போது பழுப்பாகக் கலங்கினால் குடுவையில் அமிலம் போதவில்லை என்று அர்த்தம்.

எதிர்க்கேள்வி எழுதியது:

இதெல்லாம் சரி. ஆனால் இவை வேதியியல் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை இல்லையா? உதவியாளர் இருப்பதாலேயே பல ஆசிரியர்களுக்கு எந்த பாட்டில் எங்கே என்று கூடத் தெரியாமல் போகிறது. தயார்நிலைக் கரைசல்களும் விற்கிறார்கள், வாங்கிவிட்டால் என்ன? இயற்பியலில் கரைசலே கிடையாது. பீரோவைத் திறந்து எடுத்து வைத்தால் போதுமே?

வெர்னியர் எழுதியது:

எதிர்க்கேள்வி சார், பீரோவைத் திறந்து எடுத்து வைத்த மின்னழுத்தமானி (நீளக் கம்பி பதித்த பலகை, மின்கலத்தின் மின்னழுத்தத்தை அளப்பது) என்ன செய்யும் என்று சொல்கிறேன். தொடுசாவியை எங்கே வைத்தாலும் கால்வனோமீட்டர் (சிறு மின்னோட்டத்தைக் காட்டும் கருவி) முள் ஒரே பக்கம் சாயும். இரண்டு பாடவேளை அதிலேயே போகும்.

காரணம் மூன்று நான்குதான். முதன்மைச் சுற்றின் சேமக்கலம் இறங்கியிருக்கும். கம்பியின் இரு முனைக்கும் இடையே உள்ள மின்னழுத்தம், அளக்கும் மின்கலத்தினதை விடக் குறைந்தால் சமநிலைப் புள்ளி கம்பிக்குள் விழாது. இல்லையென்றால் இரண்டு கலத்தின் நேர்முனையும் ஒரே புள்ளியில் சேராமல் மாறிப்போயிருக்கும். அல்லது கம்பிகளை இணைக்கும் செம்புப் பட்டையில் திருகு தளர்ந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் இணைப்புக் கம்பி நுனியில் ஆக்ஸைடு. முனை மாற்றத்தை வகுப்பில் கண்டுபிடிக்கலாம், அது மாணவனுக்குப் பாடமும்கூட. மற்ற மூன்றும் முதல் நாள் பார்த்திருக்க வேண்டியவை: சேமக்கலம் 2 வோல்ட் காட்டுகிறதா, திருகு இறுகியிருக்கிறதா, கம்பி நுனி உப்புத்தாளால் தேய்த்திருக்கிறதா. ஒவ்வொரு பலகையிலும் இரு முனையில் தொட்டு எதிரெதிர் விலகல் வருகிறதா என்று பார்த்துவிட்டால் முடிந்தது. பலகைக்கு ஐந்து நிமிடம். பத்துப் பலகைக்கு ஐம்பது.

மின்தடைப் பெட்டி இன்னொரு தலைவலி. செருகிகளை அழுத்தித் திருகாவிட்டால் ஒவ்வொரு தளர்ந்த செருகியும் தன் பங்குக்குத் தடையைச் சேர்க்கும். பெட்டியைச் சோதிக்கிறேன் என்று மல்டிமீட்டரை வைத்து, 1 ஓமுக்கு 1.4 காட்டுகிறது, பெட்டி கெட்டுவிட்டது என்று ஒதுக்குகிறார்கள். மல்டிமீட்டரின் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தால் அதுவே 0.3, 0.4 ஓம் காட்டும். அதைக் கழித்துப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

டேனியல் கலம் (செம்பு, துத்தநாகம் கொண்ட மின்கலம்) வைத்திருப்பவர்களுக்கு: வகுப்பு முடிந்ததும் நுண்துளைக் குவளையை எடுத்து நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அப்படியே உலரவிட்டால் சல்ஃபேட் படிகம் துளைகளுக்குள் வளர்ந்து அடைக்கும், சுவரையும் விரிய வைக்கும். மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்கு ஓடும் ஆசிரியரிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

அடுக்கறை எழுதியது:

தயார்நிலைக் கரைசல் பற்றி ஒரு வார்த்தை. நிறங்காட்டிகள், பெனடிக்ட் கரைசல், தாங்கல் கரைசல் வாங்கலாம், தவறில்லை. ஆனால் பாட்டிலைத் திறந்த நாளிலிருந்து அதன் ஆயுள் ஓடத் தொடங்குகிறது, அதைக் கவனிக்க ஆள் வேண்டும். சோடியம் ஹைட்ராக்ஸைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக் கார்பனேட்டாகும். ஸ்டார்ச் கரைசல் சில நாளிலேயே கெடும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு அலமாரியிலேயே சிதைந்து நீராகும். ஃபெலிங் கரைசலின் அ, ஆ என்ற இரண்டு பகுதியையும் முன்கூட்டியே கலந்து வைக்கக் கூடாது.

டாலன்ஸ் கரைசலை (ஆல்டிஹைடைச் சோதிக்கும் வெள்ளி உப்புக் கரைசல்) சேமிக்கவே கூடாது. இதில் சமரசம் கிடையாது. வைத்திருந்தால் வெடிக்கும் தன்மையுள்ள வெள்ளிச் சேர்மங்கள் அதில் உருவாகலாம். தேவைப்படும்போது சோதனைக்குழாயிலேயே தயாரித்து, வகுப்பு முடிந்த உடனே நீர்த்த அமிலம் சேர்த்து அழித்துவிட வேண்டும். ஆளில்லாத ஆய்வகத்தில் "நாளைக்கும் ஆகும்" என்று மூடி வைக்கப்படும் பாட்டில் பெரும்பாலும் இதுதான்.

இனி என் கவலை: சேமிப்பு அறை. பார்த்துக்கொள்ள ஆளில்லாத அறை மெல்ல அகர வரிசைக்கோ, "அமிலம் எல்லாம் ஒரு தட்டில்" என்ற வரிசைக்கோ வந்து சேரும். அமிலத் தட்டில் நைட்ரிக் அமிலமும் பனி அசிட்டிக் அமிலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று வலுவான ஆக்ஸிஜனேற்றி, மற்றது எரியும் கரிமத் திரவம். பெயரில் மட்டும்தான் சொந்தம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியாவும் ஒரே அறையில் மூடி தளர்ந்து நின்றால் அம்மோனியம் குளோரைடு வெண்பொடியாகப் படியும். முதலில் லேபிள் படிக்க முடியாமல் போகும். அமில ஆவி படும் இடத்தில் தராசு, நுண்ணோக்கி, மின்கருவி எதுவும் நிலைக்காது.

பெர்மாங்கனேட்டும் கிளிசராலும் பட்டால் நெருப்புக் குச்சி தேவையில்லை, சற்று நேரத்தில் தானே பற்றும். பழைய அலமாரியில் பிக்ரிக் அமிலம் காய்ந்து கிடந்தால் மூடியைத் திறக்கவே கூடாது, அதற்குரிய வல்லுநர்களைத்தான் அழைக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒவ்வொரு பாட்டிலையும் கையில் எடுத்துப் பார்ப்பது ஒரு வேலை. அது யாருடைய வேலை என்று எழுதி வைக்காத பள்ளியில் அதை யாரும் செய்வதில்லை.

செல்சுவர் எழுதியது:

உயிரியலை விட்டுவிட்டீர்களே. எங்களுக்குக் கரைசலை விட நாள்கணக்குதான் முக்கியம். மறைமுகப் பிரிவு (செல் இரண்டாகப் பிரியும் முறை) பார்க்க வெங்காய வேர்நுனி வேண்டுமென்றால் வியாழக்கிழமை வகுப்புக்கு முந்தைய வெள்ளி, சனியிலேயே வெங்காயத்தை நீரின் மேல் உட்கார வைக்க வேண்டும். அடித்தட்டு மட்டும் நீரைத் தொட வேண்டும், முழுகினால் அழுகும். வேர் 1 முதல் 2 செ.மீ. வளர்ந்ததும் காலையில் வெட்டி, எத்தனால் 3 பங்கு, பனி அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலவையில் ஒரு நாள் நிலைப்படுத்த வேண்டும். உடனே பயன்படுத்தாவிட்டால் 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றிக் குளிரில் வைக்கலாம். வகுப்பன்று 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம், பிறகு அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம். அமிலத்தில் வைப்பதைத் தவிர்த்தால் செல்கள் பிரியாது. எவ்வளவு நசுக்கினாலும் சிவப்புக் கட்டியாகத்தான் தெரியும், "நுண்ணோக்கி சரியில்லை" என்று பழி அதன் மேல் விழும்.

இலையில் ஸ்டார்ச் சோதனைக்குச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைக்க வேண்டும். திங்கட்கிழமை வகுப்பென்றால் சனிக்கிழமை யாராவது அதை நகர்த்தியாக வேண்டும். பச்சையத்தை நீக்க எத்தனாலைச் சுடரில் சூடாக்கக் கூடாது. கெட்டிலில் கொதித்த நீரைப் பீக்கரில் ஊற்றி, அதில் எத்தனால் குழாயை நிறுத்தினால் போதும். எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிக்கும். அறையில் ஒரு சுடர்கூட எரியக் கூடாது.

எதிர்க்கேள்வி எழுதியது:

வெர்னியர் சொன்ன பட்டியலை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியர் திறன் மங்குகிறது என்ற என் கேள்விக்கு யாரும் பதில் தரவில்லை. எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு அளவுகோல் எதுவும் இருக்கிறதா? "நிறைய வேலை" என்று சொன்னால் நிர்வாகம் நகராது.

கூம்புக்குடுவை எழுதியது:

அளவுகோல் இருக்கிறது. பிரிட்டனில் அறிவியல் ஆசிரியர்களுக்கான சங்கமும், பள்ளி அறிவியலுக்குப் பாதுகாப்பு ஆலோசனை தரும் கிளீப்ஸ் அமைப்பும் ஒரு விகிதத்தைப் பயன்படுத்துகின்றன: வாரத்துக்கு உதவியாளர்கள் வேலை செய்யும் மொத்த மணி நேரத்தை, வாரத்துக்கு நடக்கும் அறிவியல் பாட மணி நேரத்தால் வகுப்பது. 0.85 இருந்தால் எல்லாப் பணியும் ஒழுங்காக நடக்கும் என்பது அவர்கள் கணக்கு. வாரம் 100 மணி நேர அறிவியல் பாடம் நடக்கும் பள்ளிக்கு 85 உதவியாளர் மணி நேரம், அதாவது இரண்டு முழுநேர ஆளுக்குச் சற்று மேல். விகிதம் இறங்க இறங்க எந்தப் பணிகள் நின்றுபோகும் என்றும் சொல்கிறார்கள். முதலில் உதிர்வது பராமரிப்பும் முன்னோட்டச் சோதனையும். வகுப்புக்குச் சோதனைப் பொருட்கள் அடுக்கிய தட்டு வந்து சேர்வது கடைசி வரை நிற்காது, அதனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக நடப்பது போலவே இருக்கும்.

கேட்ஸ்பி அறக்கட்டளைக்காக ஜான் ஹோல்மன் 2017-ல் தந்த நல்ல செய்முறை அறிவியல் பற்றிய அறிக்கையில் பத்து அளவுகோல்கள் உண்டு. அவற்றில் ஒன்று முழுக்க இந்த உதவியாளர் பணிக்கே. அவர்களுடைய எண்ணை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. வகுக்கும் முறையை எடுத்து நம் கால அட்டவணையில் போட்டுப் பார்க்கலாம்.

ஆசிரியர் திறன் விஷயத்தில் பாதி உங்கள் பக்கம் நிற்கிறேன். புதிய சோதனையை ஆசிரியர் ஒருமுறையாவது தன் கையால் செய்து பார்க்காமல் வகுப்பில் வைக்கக் கூடாது. உதவியாளர் செய்து பார்த்தது அதற்கு ஈடாகாது. அபாயத்தை மதிப்பிடுவதும் ஆசிரியர் பொறுப்பே. மாணவர் கூட்டத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டு அலுவலகம் போவதும், உதவியாளரை அலுவலகத் தட்டச்சுக்கு அனுப்புவதும் ஒரே தவறின் இரண்டு முகம்.

அடுக்கறை எழுதியது:

முன்னோட்டம் என்றதும் மெத்தனால் நினைவுக்கு வருகிறது. உப்புகளை எரித்து வண்ணச் சுடர் காட்டும் செய்விளக்கத்தில், சுடர் மங்குகிறதென்று பெரிய பாட்டிலிலிருந்தே மெத்தனாலை ஊற்றி மாணவர்கள் தீக்காயம் பட்ட விபத்துகள் நடந்திருக்கின்றன. அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் 2014-ல் இதைப் பற்றியே தனி எச்சரிக்கை வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியாத சுடரின் மேல் ஊற்றினால் நெருப்பு பாட்டிலுக்குள் ஓடி, உள்ளிருக்கும் திரவத்தைச் சுடராக வெளியே பீய்ச்சும்.

நல்ல உதவியாளர் அந்தப் பாட்டிலை வகுப்புக்குள் விடவே மாட்டார். உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியை பன்சன் சுடரில் காட்டினால் அதே நிறங்கள் கிடைக்கும், மெத்தனாலே வேண்டாம். தட்டில் மாற்றுவழியை வைத்து, "இப்படிச் செய்தால் என்ன சார்?" என்று சீட்டு எழுதி அனுப்புகிறவர் இருக்கும் துறை வேறு மாதிரி இயங்கும்.

ஊதாக்கரைசல் எழுதியது:

சீட்டு என்றீர்களே, எதிர்த்திசைச் சீட்டையும் சொல்லுங்கள். "நாளைக்கு டைட்ரேஷன்" என்று வாசலில் நின்று சொல்வது கோரிக்கை ஆகாது. குறைந்தது மூன்று வேலை நாளுக்கு முன், எழுத்தில்: எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை, எத்தனை செட், எந்தக் கரைசல் எந்தச் செறிவில் எவ்வளவு, செய்விளக்கமா மாணவர் செய்வதா, கழிவை எதில் சேர்ப்பது. கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. ஈயம், குரோமேட், பாதரசம், வெள்ளி உள்ள எதுவும் தொட்டியில் போகக் கூடாது. மேசைக்கு ஒரு கழிவுப் பீக்கர் வைக்காவிட்டால் நேரே தொட்டிக்குத்தான் போகும்.

"அமிலம், நீர்த்தது, கொஞ்சம்" என்று வந்த சீட்டைத் திருப்பி அனுப்பும் உரிமை உதவியாளருக்கு இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

புதுவகுப்பு எழுதியது:

நடுவில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். கண்ணாடி ஸ்டாப்காக் (கரைசலைத் திறந்து மூடும் திருகு) உள்ள பியூரெட்டுகளில் பாதி, திருகவே முடியாமல் இறுகிவிட்டன. சோடியம் ஹைட்ராக்ஸைடு வைத்த வகுப்புக்குப் பின்தான். காப்பாற்ற வழி உண்டா?

ஊதாக்கரைசல் எழுதியது:

உண்டு, எல்லாவற்றுக்கும் சொல்ல முடியாது. காரமானது, தேய்த்துப் பொருத்திய கண்ணாடிப் பரப்பை அரிக்கும். இடுக்கில் நின்றது காற்றுப்பட்டுக் கார்பனேட்டாகிப் பசை போலப் பிடிக்கும். முதலில் ஸ்டாப்காக் பகுதியை வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். அசையாவிட்டால் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பியூரெட்டில் கொஞ்சம் விட்டு, நுனி வழியாகவும் சில துளி ஏற்றி, சில மணி நேரம் விடுங்கள். கார்பனேட் கரைந்தால் தானே இளகும். பிறகு மரக்கட்டையால் திருகின் சிறிய முனையில் லேசாகத் தட்டலாம், துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு. குறடு போட்டால் கையில் உடையும்.

இனிமேல் காரத்துக்கு டெஃப்லான் ஸ்டாப்காக் உள்ளதை ஒதுக்குங்கள். கண்ணாடிதான் கிடைக்கும் என்றால் வகுப்பு முடிந்ததும் நீர், ஒருமுறை நீர்த்த அமிலம், மறுபடி நீர் என்று அலசி, திருகை உருவி, இடையில் ஒரு துண்டுத் தாள் வைத்துச் செருகித் தலைகீழாக மாட்டுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். ஒவ்வொரு திருகும் அதனதன் பியூரெட்டோடு சேர்த்துத் தேய்த்தது, மாற்றிப் போட்டால் ஒழுகும். இருபது திருகையும் உருவி ஒரே தொட்டியில் போட்டுக் கழுவிவிட்டீர்களானால் எது எதனுடையது என்று பிரிக்கவே ஒரு மாலை போகும். உருவுவதற்கு முன் இரண்டிலும் ஒரே எண்ணை எழுதுங்கள், அல்லது நூலால் கட்டி விடுங்கள்.